கரை சேராத பயணங்கள்



ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் மறைபரப்பு ஞாயிறைக் கொண்டாடுகிறோம். 1926இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்திய நாள் இது. அன்று மறைப்பணியாளர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடுகிறோம். காணிக்கை எடுத்து அனுப்புகிறோம். அவர்கள் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன செய்தார்கள் என்பது நமக்கு ஓரளவு தெரியும். கோயில் கட்டினார்கள், பள்ளி தொடங்கினார்கள், நம் மொழியைக் கற்று அதிலேயே எழுதினார்கள். ஆனால் வரும் வழியில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. இன்று அந்த வழியைப் பற்றிச் சிந்திப்போம். தடைபட்ட பயணங்களையும், கடைசிவரை போய்ச் சேராத பயணங்களையும் சற்று நினைத்துப் பார்ப்போம்.

நமக்குப் பக்கத்திலுள்ள கொல்லிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் போகும்போதே பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொள்கிறோம். சாலை வருவதற்கு முன் அந்த மலைக்கு ஒற்றையடிப் பாதைதான். நடந்து போக வேண்டும், அல்லது டோலியில் போக வேண்டும். மழை என்றால் வழுக்கல். மழை விட்டால் மலேரியாக் காய்ச்சல். மலையில் வாழும் மலையாளி இன மக்கள் உப்புக்கும் துணிக்கும் அந்தப் பாதையில்தான் இறங்கி ஏறினார்கள். வெளியிலிருந்து போனவர்களுக்கு அது பெரிய சாகசம். அந்த மக்களுக்கோ அன்றாட நடை. இதை மறக்காமல் மேலே செல்வோம்.

பயணத் தடை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் திருத்தூதர் பவுல். உரோமைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போனார், ஆனால் கைதியாகப் போனார். திருத்தூதர் பணிகள் நூலின் 27, 28ஆம் அதிகாரங்களை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கப்பலில் 276 பேர். புயலில் 14 இரவுகள் அலைக்கழிகிறார்கள். கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தவர் நீந்தியும் மற்றவர் பலகையைப் பிடித்துக்கொண்டும் மால்டா தீவில் கரையேறுகிறார்கள். அந்தத் தீவு பவுலின் திட்டத்திலேயே இல்லை. ஆனாலும் மூன்று மாதம் அங்கே இருக்கிறார். கரையேறியதும் அவர் செய்த முதல் வேலை என்ன? குளிரில் நடுங்கியவர்களுக்காகச் சுள்ளி பொறுக்கினார். பிறகு தீவின் தலைவருடைய தந்தை காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாகக் கிடக்க, அவர்மேல் கைவைத்து நலமாக்கினார். மற்ற நோயாளிகளும் வந்தார்கள். வேறு கப்பல் கிடைக்கும்வரை சும்மா காத்திருந்த காலமாக அந்த மூன்று மாதங்கள் கழியவில்லை.

பவுலுக்கு ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்குப் பின், இதே போன்ற ஒரு காத்திருப்பு புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு வாய்த்தது. அவருடைய இந்தியப் பயணமே ஒருவர் நோயில் விழுந்ததால் வந்ததுதான். இந்தியாவுக்கு அனுப்ப புனித இஞ்ஞாசியார் முதலில் தெரிந்துகொண்டவர் பொபதில்லா. அவர் உடல்நலம் குன்றிவிட்டார். அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சவேரியாரிடம் கேட்டார்கள். 1540 மார்ச் மாதத்தில் அவர் உரோமையை விட்டுப் புறப்பட்டார். 1541 ஏப்ரல் 7ஆம் நாள், தமது 35ஆவது பிறந்தநாளில், லிஸ்பனில் கப்பலேறினார்.

நம் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். ஆடிப்பட்டம் தவறினால் விதைப்பு தவறும். அதுபோல, அந்தக் காலத்தில் லிஸ்பனிலிருந்து மார்ச் மாத வாக்கில் கிளம்பினால்தான் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, தென்மேற்குப் பருவக்காற்று ஓய்வதற்குள் இந்தியக் கரையைப் பிடிக்க முடியும். சவேரியார் சென்ற கப்பல்கள் தாமதமாகிவிட்டன. ஆப்பிரிக்காவின் கினி கடலோரத்தில் காற்றே இல்லாமல் 40 நாள் நின்றன. சவேரியாருக்கு இரண்டு மாதம் ஓயாத கடல் மயக்கம். மொசாம்பிக் தீவை அடைந்தபோது காற்றின் பருவம் கைநழுவிப் போயிருந்தது. அங்கேயே ஆறு மாதம் தங்க வேண்டியதாயிற்று. ஐந்து கப்பல்களின் மக்கள் ஒரு சிறிய தீவில் அடைபட்டார்கள். நோய் பரவியது. அங்கே ஏறக்குறைய 80 பேர் இறந்ததாக அவரே பின்னர் கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவர் நோயாளிகளுக்கு நடுவே தங்கி அவர்களைக் கவனித்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், தாமும் நோயில் விழுந்தார். லிஸ்பனில் அவருக்கு ஒரு வேலையாள் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றவர், தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் பணிவிடை செய்தார். 1542 மே 6ஆம் நாள் கோவாவில் இறங்கினார். லிஸ்பனிலிருந்து 13 மாதம்.

சவேரியாரின் மறைப்பணி எங்கே தொடங்கியது என்று கேட்டால் முத்துக்குளித்துறை என்று சொல்வோம். பரதவ மக்களிடையே அவர் ஆற்றிய பணி அவ்வளவு பெரியது. ஆனால் அந்தக் கடற்கரைக்கு வருவதற்கு முன்பே, யாரும் போக விரும்பாத ஒரு தீவின் நோயாளிகளிடையே அவர் பணி தொடங்கிவிட்டது. தடைபட்ட இடத்தில் பக்கத்தில் இருந்தவர் யாரோ, அவரே அவருடைய முதல் மறைப்பணித் தளமானார்.

இனி நம் மலையடிவாரத்துக்கே வருவோம். இராபர்ட் தே நொபிலி என்ற தத்துவ போதகரை நாம் மதுரையோடு சேர்த்தே நினைக்கிறோம். அவரும் 1604இல் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டு, ஓராண்டுக்கும் மேல் வழியில் கழித்து, 1605 மே மாதத்தில் கோவா வந்தவர். வந்ததும் நோயில் படுத்தார். 1606இல்தான் மதுரையை அடைந்தார். அங்கே அவருடைய பணிமுறைக்குத் தம் சபையினரிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. பல ஆண்டுகள் அவர் புதிதாகத் திருமுழுக்குக் கொடுக்கவும் முடியாத நிலை. அந்த வழக்கு உரோமைவரை போய், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே 1623இல் அவர் மதுரையிலிருந்து வடக்கே நடந்து, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொல்லிமலையின் அடியிலுள்ள சேந்தமங்கலத்துக்கு வந்தார். அவ்வூரை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை நன்றாக வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனபோதோ, தங்க இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒரே பயணத்தில் ஓர் ஊர் கதவைத் திறந்தது, அடுத்த ஊர் தயங்கியது. இன்று சேலம் மறைமாவட்டம் இருக்கும் மண்ணில் நற்செய்தி இப்படித்தான் கால்நடையாக வந்தது.

அன்பார்ந்தவர்களே, இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். தடை வந்தது, பிறகு எல்லாம் நன்மையாக முடிந்தது என்று சொல்லிவிடுவது எளிது. எல்லாப் பயணங்களும் அப்படி முடியவில்லை. பல்தசார் தா கோஸ்தா என்ற இயேசு சபைக் குருவை நம்மில் பலருக்குத் தெரியாது. 1640 முதல் பண்டாரசுவாமி என்ற கோலத்தில் எளிய மக்களிடையே உழைத்தவர் அவர். மதுரை மறைப்பணிக்கு ஆள் திரட்டுவதற்காக ஐரோப்பா சென்றார். இளம் துறவியரைக் கூட்டிக்கொண்டு 1673இல் திரும்பினார். அவர்களில் ஒருவர்தான் பின்னாளில் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர். அந்தக் கப்பலில் நோய் புகுந்தது. பல்தசார் தா கோஸ்தா நடுக்கடலிலேயே இறந்தார். அவர் உடல் நம் மண்ணுக்கு வரவில்லை. அவருக்குக் கல்லறையும் இல்லை. அருளானந்தர் அந்த ஆண்டே கோவா வந்து சேர்ந்தார்.

இதற்கு என்ன விளக்கம் சொல்வது? கடவுள் ஒருவரை எடுத்துக்கொண்டு ஒருவரை விட்டுவைத்தார் என்று கணக்குப் பேசுவது நமக்குத் தகாது. மொசாம்பிக்கில் இறந்த 80 பேருக்கும் தாய் தந்தை இருந்தார்கள். நோயும் புயலும் துன்பமே. துன்பத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். நாம் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: அந்தத் துன்பத்தின் நடுவில் கடவுள் அவர்களை விட்டு விலகவில்லை, அவர்களும் பக்கத்தில் இருந்தவரை விட்டு விலகவில்லை.

இதுவரை மேற்கிலிருந்து நம் நாட்டுக்கு வந்தவர்களைப் பார்த்தோம். நம் மண்ணிலிருந்து வெளிநாட்டுக்கு மறைப்பணிக்குச் சென்றவரும் உண்டு. கோவாவைச் சேர்ந்த புனித யோசேப் வாஸ் அவர்களில் முதன்மையானவர். இலங்கையின் கரையோரம் அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே தடை. மக்கள் குருவின்றித் தவித்தார்கள். 1687இல் அவர் தூத்துக்குடியிலிருந்து, கூலியாள் போலக் கந்தல் உடுத்தி, ஒரு தோணியில் புறப்பட்டார். தோணி புயலில் சிக்கியது. பசியாலும் பயணக் கொடுமையாலும் அவருக்குக் கடும் வயிற்றுப்போக்குக் கண்டது. யாழ்ப்பாணத்தில் குற்றுயிராகத்தான் போய்ச் சேர்ந்தார். பிச்சைக்காரராகத் தோன்றவேண்டும் என்று வேடமிட்டுப் போனவர், உண்மையிலேயே பிறர் தரும் உணவை நம்பிப் படுத்திருக்கும் நிலைக்கு வந்தார். எழுந்த பிறகு கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டதும் யார் கண்ணில் ஒளி தெரிகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார்.

பின்னர் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். சிறையில் இருந்தபடியே அந்நாட்டின் சிங்கள மொழியைக் கற்றார். அங்கேயே மக்களுக்குப் பணி செய்யத் தொடங்கினார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய பயணத்தில் வந்த ஒவ்வொரு தடையும் அவரை அந்த மக்களின் நிலைக்கு இன்னும் ஒரு படி இறக்கியது. வசதியாகப் போய் இறங்கியிருந்தால் அந்த ஏழைகளின் திண்ணையில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா?

மீண்டும் கொல்லிமலைக்கு வருவோம். இங்கே நாம் நினைவுகூரப்போகிறவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர்; பாப்திஸ்து சபையினர். ஆனால் பிரிந்த சகோதரரிடம் தூய ஆவியார் விளைவிக்கும் நன்மைகளை மகிழ்ச்சியோடு ஏற்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற இருவருக்கும் 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. திருமணம் முடிந்த கையோடு மலையேறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண்ணின் உடையெல்லாம் சேறாகி, நனைந்து நடுங்கியபடி தங்கள் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தத் திருமண ஊர்வலத்தில் அவர்களோடு மழையில் நனைந்தவர்கள் சுமை தூக்கிய மலைவாழ் மக்கள். அவர்கள் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு மறைப்பணியாளரின் வரலாற்றிலும் இப்படிப் பெயரில்லாத தோள்கள் உண்டு. தோணி தள்ளியவர், டோலி சுமந்தவர், திண்ணையில் இடம் கொடுத்தவர், கஞ்சி ஊற்றியவர். அவர்களும் மறைப்பணியாளர்களே.

பிராண்ட் தம்பதியர் மலை மக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள், பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார்கள். 1914இல் அங்கே பிறந்த மகன் பால், ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். அதன் பிறகு அவன் தன் தந்தையைப் பார்க்கவேயில்லை. 1929 சூன் மாதத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் உடனே இலண்டன் போய்விட்டது. அவர் முன்பே எழுதி அனுப்பிய கடிதமோ கப்பலில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்த பிறகு, தந்தையின் கையெழுத்தில் கடிதம் வருகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை அதைப் பிரித்துப் படித்திருப்பான். மறைப்பணியின் விலையைப் பெரியவர்கள் மட்டும் கொடுப்பதில்லை, பிள்ளைகளும் கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்தப் பால், வளர்ந்து கட்டட வேலை கற்றுக்கொண்டு, தந்தையைப் போல மறைப்பணிக்கு வர விரும்பினார். இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவரை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தத் தடைக்குப் பிறகுதான் அவர் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்யும் வழியைக் கண்டு உலகுக்கே கற்றுக்கொடுத்தார். அவருடைய தாய் எவலினையோ, வயதாகிவிட்டது என்று சங்கத்தார் மீண்டும் அனுப்பத் தயங்கினார்கள். இன்னும் ஒரு முறை மட்டும் என்று கேட்டு வந்தார். பணிக்காலம் முடிந்ததும் சங்கத்திலிருந்து விலகி, ஊருக்குத் திரும்பாமல் மலைக்கே போய்விட்டார். மட்டக்குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட பிறகும், இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மலைமலையாகப் போனார். 1974 டிசம்பரில், 95ஆவது வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இறுதியாக, சவேரியாரின் கடைசிப் பயணம். 1552இல் அவர் சீனாவுக்குப் புறப்பட்டார். மலாக்காவின் தளபதி அவருடைய நண்பரின் தூதுப் பயணத்தைத் தடுத்துவிட்டார். சவேரியார் விடவில்லை. சீனக் கரைக்கு அருகிலுள்ள சான்சியான் தீவுவரை போனார். உள்ளே கூட்டிப்போக ஒரு வணிகர் ஒப்புக்கொண்டார். கூலி மிளகாகத் தருவதாகப் பேச்சு. குறித்த நாளில் படகு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நவம்பர் மாதக் குளிரில் காய்ச்சல் கண்டு, டிசம்பர் 3ஆம் நாள் விடியுமுன் உயிர்விட்டார். அந்தோணி என்ற சீன இளைஞர் அருகில் இருந்தார். அவர் போக விரும்பிய நாடு கடலுக்கு அப்பால் சில மைல் தூரத்தில்தான் இருந்தது. அதே 1552 அக்டோபரில் இத்தாலியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அவர்தான் மத்தேயு ரிச்சி. 1583இல் அவர் சீனாவுக்குள் நுழைந்தார். 1601இல் பீக்கிங் நகரையே அடைந்தார். சவேரியார் இதைக் காணவில்லை.

1927 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் மறைபரப்புப் பணிக்குப் பாதுகாவலர்களாக இருவரை அறிவித்தார். ஒருவர் சவேரியார். மற்றவர் சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. தெரேசா வியட்நாமில் உள்ள ஹனோய் கார்மல் மடத்துக்குப் போக ஆசைப்பட்டார். காசநோய் விடவில்லை. 24 வயதில், தம் மடத்துச் சுவருக்குள்ளேயே இறந்தார். எண்ணிப் பாருங்கள். மறைபரப்புக்குத் திருச்சபை கொடுத்த இரண்டு பாதுகாவலர்களில் ஒருவர் கரையைப் பார்த்தபடி வழியிலேயே இறந்தவர். மற்றவர் கப்பலே ஏறாதவர். எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை வைத்துத் திருச்சபை அவர்களை அளக்கவில்லை.

இது நமக்கு எதற்கு? நம் பங்கின் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் குருக்களாகவும் அருள்சகோதரிகளாகவும் தொலைதூர நாடுகளுக்குப் போகிறார்கள். விசா கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர் உண்டு. நோயால் பாதியில் திரும்பி வந்தவர் உண்டு. குருமடத்திலிருந்தும் மடத்திலிருந்தும் வீடு திரும்பியவர்களும் உண்டு. அவர்களை ஊரார் பார்க்கும் பார்வை சில வேளைகளில் மிகக் கொடியது. போனது வீண், செலவழித்தது வீண் என்று பேசுகிறோம். மொசாம்பிக்கும் சான்சியானும் நமக்கு நினைவிருந்தால் அப்படிப் பேச நா எழுமா? திரும்பி வந்த பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைக்கும் பங்குதான் மறைபரப்பைப் புரிந்துகொண்ட பங்கு.

படுக்கையில் இருக்கும் முதியவர்களே, வானொலியின் வழியாக மட்டுமே மறையுரை கேட்கும் நோயாளர்களே, நீங்கள் கோயிலுக்கே வர முடியவில்லை என்று வருந்துகிறீர்கள். தெரேசா உங்கள் பாதுகாவலர். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நீங்கள் பேசும் ஓர் அன்பான சொல் உங்கள் மறைப்பணி. நாம் எல்லாருமே, பேருந்து பழுதாகி வழியில் நிற்கும்போது, மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது, கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்திப் பக்கத்தில் இருப்பவர் யார் என்று ஒருமுறை பார்ப்போம். நம் மால்டா அதுவாக இருக்கலாம்.

மன்றாடுவோம். வழியும் உண்மையும் வாழ்வுமான ஆண்டவரே, பயணத்தில் இறந்தவர்களையும், பாதியில் திரும்பியவர்களையும், அவர்களைச் சுமந்த பெயரறியாத மக்களையும் உமது இல்லத்தில் சேர்த்தருளும். நாங்கள் தடைபட்டு நிற்கும் இடத்தில் உம்மைக் கண்டுகொள்ளவும், அருகில் இருப்பவருக்குச் சுள்ளி பொறுக்கித் தரவும் எங்களுக்கு வரம் தாரும். ஆமென்.